ஏற்றிவிட ஓர் ஆள்

பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னால் வெளியூரில் யாரிடமாவது ஊத்தங்கரை என்று சொன்னால், "பையனைச் சேர்த்திருக்கீங்களா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பிளஸ் டூ முடிவு வரும் நாளெல்லாம் மாநில ரேங்க் பட்டியலில் இந்தச் சிறிய ஊரின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. தனியார் விடுதிப் பள்ளிகள் பெருகின. ஜூன் மாதம் பிறந்ததும் டிரங்குப் பெட்டி, பாய், வாளி சகிதம் வெளிமாவட்டப் பெற்றோர்கள் பஸ்சிலிருந்து இறங்குவார்கள். 1200-க்கு 1180, 1185 என்று எண்கள் போட்ட பேனர்களில் பிள்ளைகளின் முகங்கள் சிரிக்கும்.

அதே காலத்தில் வந்த இன்னொரு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடு. ஊத்தங்கரை இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அது 71.5. எல்லைக்கு அந்தப் பக்கம் தருமபுரியில் 68.5, மாநிலத்திலேயே கடைசி. மாநிலத்துக்கே ரேங்க் கொடுத்த ஊரைச் சுற்றி, கைநாட்டு வைக்கிறவர்கள் நிறைந்த கிராமங்கள் இருந்தன. பேனரில் இருந்த பிள்ளைகளில் பலர் வெளியூரிலிருந்து வந்தவர்கள். கல்லாவியிலும் சிங்காரப்பேட்டையிலும் சாமல்பட்டியிலும் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகள் அந்தப் பேனருக்குக் கீழே நின்று டவுன் பஸ்சுக்குக் காத்திருந்தார்கள்.

2017-இல் ரேங்க் அறிவிக்கும் வழக்கத்தையே அரசு நிறுத்தியது. அதே ஆண்டு மருத்துவப் படிப்புக்கு நீட் வந்து சேர்ந்தது. பிறகு 1200 என்பதே 600 ஆனது. மதிப்பெண்ணை வைத்து ஒரு ஊருக்குப் பேர் வந்த காலம் அதோடு முடிந்தது என்று சொல்லலாம். பேனரைக் கழற்றிய பிறகு மிஞ்சி நிற்கும் கேள்வி பழையதுதான். நாலே கால் மணிக்குப் பள்ளி விட்ட பிறகு, பத்தாவதோடோ பன்னிரண்டோடோ பள்ளியே முடிந்துபோன பிறகு, இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு அடுத்ததைக் கற்றுக்கொடுத்தது யார்? இன்று கற்றுக்கொடுப்பது யார்?

அன்று: தெரிந்தவர் இருந்தால் வழி

ஊத்தங்கரையிலிருந்து நான்கு திசைக்கும் சாலை பிரிகிறது. ஒரு பக்கம் மத்தூர் வழியாகக் கிருஷ்ணகிரி, எதிர்ப்பக்கம் சிங்காரப்பேட்டை தாண்டிச் செங்கம், திருவண்ணாமலை. வடக்கே திருப்பத்தூர், தெற்கே அரூர். இப்படிப்பட்ட கூட்டு ரோட்டு ஊரில் பட்டறைகள் தானாக முளைக்கும். லாரி பாடி கட்டுகிறவர், லேத்து வைத்திருப்பவர், மோட்டார் காயில் சுற்றுகிறவர், சைக்கிள் கடை, ரேடியோ ரிப்பேர் கடை, தையல் கடை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் சுற்று வட்டாரத்துப் பையனுக்குப் பள்ளிக்கு வெளியே இருந்த பள்ளிக்கூடம் இவைதான்.

சேர்க்கை முறை எளிமையானது. அப்பா கூட்டிக்கொண்டு போவார். "அண்ணா, பையன் இனி படிக்க மாட்டான்போல. உங்ககிட்ட உட்டுடறேன், ஏதோ தொழில் கத்துக் குடுங்க." முதல் வருஷம் சம்பளம் கிடையாது, டீயும் மதியச் சாப்பாடும் உண்டு. ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது, கிரீஸ் துடைப்பது, திட்டு வாங்குவது. இரண்டாம் வருஷம் நட்டு கழற்றலாம். மூன்றாம் வருஷம் என்ஜின் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லும் காது வந்துவிடும். சான்றிதழ் இல்லை என்பதைத் தவிர அது முழுமையான தொழிற்கல்வி.

வானம் பார்த்த நிலத்தில் ராகியும் சாமையும் நிலக்கடலையும் விளையும். மழை பொய்த்தால் பெங்களூர். ஊர் மேஸ்திரி பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு கட்டட வேலைக்குக் கிளம்புவார். சித்தாளாகப் போன பையன் நாலைந்து வருஷத்தில் கொத்தனாராகத் திரும்புவான். தூக்குக்குண்டு பிடிப்பது, மட்டம் பார்ப்பது, சதுர அடிக் கணக்கு எல்லாம் சாரத்தின் மேல் நின்றபடி படித்தது. பேச்சுக் கன்னடமும் கூடவே வந்துவிடும்.

இந்த முறையைப் பற்றி ஏக்கத்தோடு பேசுகிறவர்கள் உண்டு. அதில் பாதி நியாயம் இருக்கிறது. கற்றுக்கொடுத்தவருக்கும் கற்றவனுக்கும் நடுவே இருந்த உறவு, இன்று எந்தத் திட்டத்தாலும் உண்டாக்க முடியாத ஒன்று. மறுபாதியை அவர்கள் சொல்வதில்லை. அந்தப் பட்டறையில் சேர அப்பாவுக்கு அந்த அண்ணனைத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருப்பது என்பதற்குள் சாதி இருந்தது, தெரு இருந்தது, கடன் இருந்தது. காலனியிலிருந்து வரும் பையனுக்கு லேத்துப் பட்டறைக் கதவு அவ்வளவு சுலபமாகத் திறந்ததில்லை. செங்கல் சூளையும் கல் குவாரியும் எப்போதும் திறந்தே இருந்தன.

பெண் பிள்ளைக்கு அந்தக் கதவுகூட இல்லை. வயதுக்கு வந்ததும் பள்ளி நின்றுவிடும். வீட்டில் தையல் மிஷின் இருந்தால் அது ஒரு படிப்பு. டவுனுக்குப் பக்கத்தில் வீடு, கொஞ்சம் தைரியமான அப்பா, இரண்டும் வாய்த்தால் தட்டச்சு இன்ஸ்டிடியூட். லோயர், ஹையர் என்று அரசாங்கம் பரீட்சை வைத்துச் சான்றிதழ் தந்த அந்தச் சின்ன அறைதான், எழுபது எண்பதுகளில் ஆணும் பெண்ணும் ஒரே கூரையின் கீழ் பள்ளிக்கு வெளியே உட்கார்ந்து கற்றுக்கொண்ட அபூர்வமான இடம். சுதந்திர இந்தியாவிலேயே முதலாவதாக 1948-இல் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாகாணம் இது. வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. ஆனால் ஊர் நூலகத்தின் நாளிதழ் மேஜையைச் சுற்றி ஆண்கள் உட்கார்ந்திருக்கும்போது ஒரு பெண் பிள்ளை உள்ளே போய் இருக்கையை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்க முடியுமா என்பது வேறு விஷயம்.

தேடி வந்த கம்பெனி

இந்த மாவட்டத்தில் ஆளைத் தேடி ஒரு தொழிற்சாலை பள்ளிக்கூட வாசலுக்கு வந்த கதை ஓசூரில் நடந்தது. எழுபதுகளில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980-ஐ ஒட்டி அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மொபெட்டும் வந்தன. 1984-இல் டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டன் கைக்கடிகாரக் கம்பெனியைத் தொடங்கின. கடிகாரத்துக்கு வேண்டியது நுணுக்கமான கை, கூர்மையான கண். பழகிய தொழிலாளிகள் பெங்களூர் எச்.எம்.டி. கடிகார ஆலையில் இருந்தார்கள். டைட்டனின் முதல் நிர்வாக இயக்குநர் ஜெர்க்சிஸ் தேசாயும் அவருடைய குழுவும் வேறு வழியைத் தேர்ந்தார்கள். தமிழ்நாட்டின் பின்தங்கிய மாவட்டங்களின் பள்ளிகளிலிருந்து, படிப்பை அப்போதுதான் முடித்திருந்த பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகளைத் தேர்வு வைத்து எடுத்தார்கள்.

எடுத்ததோடு விட்டிருந்தால் பாதிப் பேர் ஒரு மாதத்தில் அழுதுகொண்டே ஊர் திரும்பியிருப்பார்கள். வீடு பிடித்துக் கொடுத்து, அப்பா அம்மா இடத்தில் இருந்து பார்த்துக்கொள்ளப் பெரியவர்களையும் ஏற்பாடு செய்தார்கள். வேலை கற்பிப்பதற்கு முன்னால் ஊரை விட்டு வந்து வாழக் கற்பித்தார்கள். மானாவாரிக் காட்டிலிருந்து வந்த பிள்ளைகள், மயிரிழை அளவுள்ள பாகங்களைப் பொருத்தும் தொழிலாளிகளானார்கள். இன்று அவர்கள் ஓய்வுபெறும் வயதில் இருக்கிறார்கள். ஓசூரில் சொந்த வீடு, இன்ஜினீயரிங் படித்த பிள்ளைகள் என்று அந்தக் குடும்பங்கள் ஒரே தலைமுறையில் தாண்டிய தூரம் அதிகம்.

இந்தக் கதையில் நான் கவனிப்பது ஒன்றைத்தான். கம்பெனியிடம் வேலை இருந்தது, பிள்ளைகளிடம் திறமை இருந்தது. இரண்டையும் சேர்த்து வைக்க நடுவில் ஆட்கள் வேண்டியிருந்தார்கள்: சேதியைச் சொல்லிப் பெயரைக் கொடுத்த பள்ளி, அனுப்பச் சம்மதித்த வீடு, போன இடத்தில் ஏற்றுக்கொண்ட இன்னொரு வீடு. இதில் ஏதாவது ஒன்று இல்லாவிட்டால் அந்த வேலை இருப்பதே அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்காது. ஆட்கள் நிரம்பியதும் தேடலும் நின்றது. ஒரு கம்பெனியின் தேவை தீரும் நாளில் ஒரு ஊரின் வாய்ப்பும் தீர்ந்துபோகக் கூடாது என்றால், நடுவில் நிற்கிறவர்கள் ஊருக்குச் சொந்தமானவர்களாக இருக்க வேண்டும்.

அம்மாக்கள் கூடிய வாரம்

அப்படிச் சொந்தமான ஓர் அமைப்பு இந்த மண்ணில்தான் பிறந்தது. இன்று தமிழ்நாடு முழுக்க மகளிர் சுய உதவிக் குழு இல்லாத கிராமம் இல்லை. அரசுத் திட்டமாக அது தொடங்கியது 1989-இல், கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த, பிரிக்கப்படாத தருமபுரி மாவட்டத்தில். ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியமான ஐஃபாட் கடன் கொடுத்தது. மைராடா போன்ற தொண்டு நிறுவனங்கள் ஊர் ஊராகப் போய்ப் பெண்களை உட்கார வைத்தன. வாரத்துக்கு ஐந்து ரூபாய், பத்து ரூபாய் சேமிப்பு; ஒரு நோட்டு; அதில் எழுதத் தெரிந்த ஒருத்தி.

அந்த நோட்டுதான் விஷயம். கணக்கு எழுத ஆள் வேண்டும் என்பதால் எட்டாவதோடு நின்றுபோன மருமகள் திடீரென்று ஊருக்கு முக்கியமானவள் ஆனாள். வங்கிக்குப் போனாள், பி.டி.ஓ. ஆபீசுக்குப் போனாள், தலைவி என்று கையெழுத்துப் போட்டாள். அறிவொளி இயக்கமும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மாவட்டம் மாவட்டமாகப் பரவியது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் தொண்டர்கள் பாட்டும் நாடகமுமாக இரவுப் பள்ளிகள் நடத்தினார்கள். கற்பித்தவர்களும் கற்றவர்களும் அதே ஊர்க்காரர்கள்.

ஓசூர்ப் பக்கத்தில் இந்தக் குழுக்களின் கதை தொழிற்சாலையோடும் போய்ச் சேர்ந்தது. மைராடா கைகோத்து வளர்த்த குழுப் பெண்கள் மெடோ என்ற பெயரில் சொந்த நிறுவனமே அமைத்து, டைட்டனுக்குக் கடிகாரப் பட்டைகளைச் செய்து கொடுத்தார்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் பள்ளிப் பிள்ளைகளைக் கம்பெனி நேராகத் தேடிப் போயிற்று. இப்போது கம்பெனிக்கும் கிராமத்துக்கும் நடுவே, கிராமத்துப் பெண்களே நடத்திய ஓர் அமைப்பு நின்று பேரம் பேசியது. முதலாவதைவிட இரண்டாவது நெடுநாள் நிற்கக்கூடியது என்று தோன்றுகிறது. அந்த அம்மாக்கள் வளர்த்த பெண்களைத்தான் இருபது ஆண்டுகள் கழித்து, கொரோனா காலத்தில், அரசு தேடி வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மலைக்கு நடுவே ஒரு மாலைப் பள்ளி

ஊத்தங்கரையிலிருந்து அரூர் போய், தீர்த்தமலை, கோட்டப்பட்டி தாண்டினால் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு வரும். கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவில், மலையாளிப் பழங்குடியினரும் லம்பாடிகளும் வாழும் ஊர்கள். 1993-இல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் அங்கே ஒரு குடிசையில் மருத்துவமனை தொடங்கினார்கள். செவிலியர் யாரும் அந்தக் காட்டுக்கு வர மாட்டார்கள் என்பதால், உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களையே செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் பழக்கினார்கள். ஆயிரம் குழந்தைகளுக்கு நூற்றைம்பது அளவில் இருந்த சிசு மரணம் பின்னாளில் இருபதுகளுக்கு இறங்கியது. டாக்டர்கள் இருவர்தான், இறக்கியது அந்தப் பெண்களின் படிப்பு.

அதே பள்ளத்தாக்கில் 2004-இல் அனுராதா, கிருஷ்ணா என்ற கட்டடக் கலைஞர் தம்பதி 'துளிர்' என்ற கற்றல் மையத்தைத் தொடங்கினார்கள். பள்ளி விட்டதும் பிள்ளைகள் வருவார்கள். புத்தகம், படம் வரைதல், கைவேலை, விளையாட்டு, கணக்கில் விட்டுப்போனதைப் பிடித்தல். பள்ளியை விட்டே நின்றுபோன இளைஞர்களுக்குத் தனியாக அடிப்படைத் தொழில்நுட்பப் பயிற்சி: மின்சார வேலை, குழாய் வேலை, மூங்கில் வேலை, எல்.இ.டி. விளக்கு செய்வது, மண்ணும் கல்லும் வைத்துக் கட்டுவது. அவர்கள் கற்ற கட்டட வேலையில் ஊருக்கே கட்டடங்கள் எழுந்தன. மகாராஷ்டிராவில் புணே பக்கம் பாபல் கிராமத்தில் எஸ்.எஸ். கல்பாக் 1983-இல் தொடங்கிய விஞ்ஞான் ஆசிரமமும் இதே பாதையில் நடப்பதுதான்: ஊருக்கு வேண்டிய வேலையைச் செய்துகொண்டே படிப்பது, படிப்பவர்கள் ஊருக்குக் கூலிக்கு வேலை செய்து கொடுப்பது.

சிட்லிங்கியில் மருத்துவமனை, இயற்கை விவசாயிகள் சங்கம், லம்பாடிப் பெண்களின் பூவேலை அமைப்பு, துளிர் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒரு பிள்ளைக்கு எதில் கை வருகிறது என்று பார்த்து, இதிலிருந்து அதற்கு அனுப்ப அங்கே ஆள் இருக்கிறது. பட்டறை அண்ணன் செய்த அதே வேலைதான். ஒரே ஒரு வேறுபாடு, சாதியும் தெருவும் கேட்காமல் செய்கிறார்கள். பழைய முறையின் உறவையும் புதிய காலத்தின் நியாயத்தையும் ஒன்றாகப் பார்க்க இந்த வட்டாரத்தில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

இன்று: வாசலுக்கு வந்த திட்டங்கள்

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. பத்தொன்பது மாதம். செல்போன் ஒன்றே ஒன்று, அதுவும் அப்பாவோடு பெங்களூர் போய்விட்ட வீடுகளில், மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக் கூட்டுவதையே மறந்துபோனது. பல பிள்ளைகள் ஆடு மேய்க்கவும் சூளைக்கும் போனார்கள். பல பெண் பிள்ளைகளுக்குச் சத்தமில்லாமல் கல்யாணம் நடந்தது.

2021 அக்டோபர் 27-ஆம் தேதி விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியபோது, முதலில் நடத்திப் பார்க்கத் தேர்ந்த 12 மாவட்டங்களில் கிருஷ்ணகிரியும் ஒன்று. கலைக்குழுக்கள் பறையும் பாட்டுமாக ஊர் ஊராகப் போயின. இருபது பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர். தொடக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர பிளஸ் டூ போதும், ஆறு முதல் எட்டு வரைக்குப் பட்டம் வேண்டும். மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள் ஒன்று, ஒன்றரை மணி நேரம். மாதம் 1000 ரூபாய். மாநிலம் முழுக்கச் சுமார் 2 லட்சம் பேர் வந்து நின்றார்கள், பெரும்பாலும் இளம் பெண்கள். கல்யாணமாகி வந்து, பட்டத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு, மாடு கட்டிக்கொண்டிருந்தவர்கள்.

திண்ணை, கோயில் மண்டபம், சமுதாயக் கூடம், புளியமரத்தடி என்று இடம் கிடைத்த பக்கம் வகுப்பு நடந்தது. இந்தத் திட்டம் எத்தனை பிள்ளைக்கு எவ்வளவு கணக்கு சொல்லித்தந்தது என்று ஆராய்ந்தவர்கள் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது அதன் பக்கவிளைவு. ஊருக்கு ஓர் 'அக்கா' கிடைத்தாள். பிள்ளை ஏன் வரவில்லை என்று வீட்டு வாசலில் நின்று கேட்கும் உரிமை அவளுக்கு இருந்தது. பன்னிரண்டு முடித்தவள் அவளிடம்தான் வந்து, "அக்கா, நர்சிங் சேரணும்னா எங்க எழுதிப் போடணும்?" என்று கேட்டாள். பிறகு பள்ளிகள் பழைய நிலைக்குத் திரும்பியதும் மையங்கள் குறைந்தன. பாடம் சொல்லித்தரும் தேவை குறைந்திருக்கலாம். அந்த அக்காவின் தேவை குறையவில்லை.

ஏனென்றால் அதே காலத்தில்தான் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. 2022 மார்ச் 1-ஆம் தேதி 'நான் முதல்வன்' வந்தது. அதற்குள் 'கல்லூரிக் கனவு' வழிகாட்டி முகாம்கள், பன்னிரண்டோடு நின்றவர்களைத் திரும்ப அழைக்கும் 'உயர்வுக்குப் படி'. 2022 செப்டம்பரில், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கோ ஐடிஐக்கோ போகும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்'. பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் 'தமிழ்ப் புதல்வன்'. நவம்பர் 2022-இல், பள்ளிக்குச் சோதனைப் பெட்டியோடு கருத்தாளர்கள் வரும் 'வானவில் மன்றம்'. டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐகளில் 2,877 கோடி ரூபாயில் ரோபோ, சி.என்.சி., மின்வாகனப் பயிற்சிக்கூடங்கள். முன்னாள் மாணவர்களும் கம்பெனிகளும் அரசுப் பள்ளிக்கு உதவ 'நம்ம ஸ்கூல், நம்ம ஊரு பள்ளி'.

கம்பெனிகளும் சட்டத்தால் உள்ளே வந்தன. 2014 ஏப்ரலிலிருந்து பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். அசோக் லேலண்ட் இந்த மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் கற்றல் உதவித் திட்டம் நடத்துகிறது. டி.வி.எஸ்ஸின் ஸ்ரீனிவாசன் சர்வீசஸ் டிரஸ்ட் 1996-லிருந்தே கிராமங்களில் வேலை செய்கிறது. பெண்களுக்கு டவுன் பஸ்சில் கட்டணம் இல்லை என்பதும், 2021 மே மாதத்திலிருந்து, ஒரு கல்வித் திட்டம்தான். அதை யாரும் அப்படி எழுதுவதில்லை.

கம்பெனி பஸ்

இதற்கெல்லாம் மேலே தொழிற்சாலை வீட்டுப் பக்கத்துக்கே வந்துவிட்டது. அன்று பிழைப்புக்குப் பெங்களூர், பிறகு ஓசூர், இப்போது போச்சம்பள்ளி. 2021-இல் ஓலா அங்கே 500 ஏக்கரில் மின் ஸ்கூட்டர் ஆலையைக் கட்டி, முழுக்கப் பெண்களே நடத்துவார்கள், 10,000 பெண்களுக்கு வேலை என்று அறிவித்தது. ஓசூர்ப் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஐபோன் பாகங்கள் செய்ய ஆயிரக்கணக்கில் இளம் பெண்களை எடுத்தது. விடியற்காலையில் கிராமத்து முக்கில் கம்பெனி பஸ் நிற்கிறது. வயசுப் பெண்ணை டவுனுக்கு அனுப்பத் தயங்கிய அதே வீட்டில், நைட் ஷிப்ட் முடித்து வரும் பெண்ணுக்கு அப்பா கதவு திறக்கிறார். ஐம்பது ஆண்டுகளில் இதைவிடப் பெரிய மாற்றம் இந்தப் பக்கத்தில் நடக்கவில்லை.

அதன் விலையையும் சொல்லிவிட வேண்டும். பதினெட்டு வயதில் மாதம் கையில் வரும் பணத்துக்கு முன்னால், மூன்று வருஷப் படிப்பு மங்கலாகத் தெரியும். லைனில் அவள் செய்யும் வேலை ஒரு வாரத்தில் பழகிவிடும். அதற்குப் பிறகு ஏழு வருஷம் நின்றாலும் புதிதாகக் கற்க ஒன்றும் இல்லாத இடங்கள் உண்டு. ஒப்பந்தம் முடிந்தாலோ கல்யாணம் ஆனாலோ அவள் வெளியே வருகிறாள். பட்டறையில் மூன்றாம் வருஷம் என்ஜின் சத்தம் கேட்டுக் கோளாறு சொன்ன பையனிடம் ஒரு தொழில் இருந்தது. இவளிடம் சம்பளச் சீட்டு இருக்கிறது.

ஜெர்மனியில் பதினாறு வயதுப் பிள்ளை வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளிக்கும் மற்ற நாள் கம்பெனிக்கும் போகிறது. அங்கே கம்பெனியும் பள்ளியும் மட்டும் இருந்தால் இது நடக்காது. வட்டாரத் தொழில் வணிகச் சங்கம் நடுவில் நின்று, ஒப்பந்தத்தைப் பதிவு செய்கிறது, பயிற்சி சரியாக நடக்கிறதா என்று பார்க்கிறது, கடைசியில் பரீட்சையும் வைக்கிறது. பயிற்சி என்று பெயர் வைத்துக் கூலி வேலை வாங்கினால் கேட்க ஆள் இருக்கிறது. நம்மிடம் 1961-லிருந்து தொழிற்பழகுநர் சட்டம் இருக்கிறது. நடுவில் நிற்கும் ஆள்தான் இல்லை.

ஆள் எங்கே?

அன்றைக்கும் இன்றைக்கும் இடையில் இருக்கும் வேறுபாட்டைச் சுருக்கினால் இப்படி வரும். அன்று ஏற்றிவிட ஆள் இருந்தார், ஏறிப் போக பஸ் இல்லை. ஆளும் தனக்கு வேண்டியவர்களைத்தான் ஏற்றினார். இன்று பஸ் வரிசையாக நிற்கிறது. எது எங்கே போகும் என்று போர்டு படித்துச் சொல்ல ஆள் இல்லை. போர்டு முழுக்க இணையதளத்தில் இருக்கிறது: விண்ணப்பம், ஆதார், சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, கடைசித் தேதி. செல்போன் எல்லார் கையிலும் இருக்கிறது. ஆனால் ஐடிஐயில் சேர்ந்தாலும் மாதம் 1000 ரூபாய் உண்டு என்ற சேதி, சிங்காரப்பேட்டைக்கு அப்பால் ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கும் வீட்டுக்கு இன்னமும் யாராவது வாயால் சொல்லித்தான் போகிறது. சொல்ல ஆள் உள்ள தெருவில் மூன்று பேர் சேர்கிறார்கள். இல்லாத தெருவில் கம்பெனி பஸ்சில் ஏறுகிறார்கள்.

ஆகவே இனி வேண்டியது இன்னொரு திட்டம் என்று நான் நினைக்கவில்லை. இருக்கிற திட்டங்களுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் நிற்கிறவர்களை ஒரு வேலையாக, சம்பளமுள்ள, நிலையான வேலையாக, ஏற்றுக்கொள்வதுதான் மிச்சம். பாலம் கட்டினால் ஒப்பந்தப்புள்ளி கோருகிறோம். ஒரு பிள்ளையைக் கல்லூரிவரை கொண்டுபோய்ச் சேர்க்கிற அக்காவுக்கு 1000 ரூபாய் மதிப்பூதியம் தந்து, வேலை முடிந்ததும் நன்றி சொல்லி அனுப்புகிறோம். இல்லம் தேடிக் கல்வி நமக்குக் காட்டியது, அப்படிப்பட்டவர்கள் ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கிறார்கள் என்பதை. அவர்களுடைய பெயர்ப் பட்டியலே அரசிடம் இருக்கிறது.

இடமும் தயாராக இருக்கிறது. 2022-இல் அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். பெற்றோரும் உள்ளாட்சி உறுப்பினரும் அதில் உட்காருகிறார்கள். கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. "இந்த ஊரில் இந்த ஆண்டு பத்தும் பன்னிரண்டும் முடித்த பிள்ளைகள் யார் யார், ஒவ்வொருவரும் இன்று எங்கே இருக்கிறார்கள்?" என்ற ஒரே கேள்வியை ஆகஸ்ட் 15 கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அக்டோபர் 2 கூட்டத்தில் பதில் கேட்கலாம். ஒரு கிராமத்தில் அது நாற்பது ஐம்பது பெயருக்கு மேல் போகாது. வரவு செலவைப் படிப்பதுபோல் அந்தப் பெயர்களையும் படிக்கட்டும்.

ஊத்தங்கரைக்கென்று தனியாக ஒரு வசதியும் இருக்கிறது. மதிப்பெண் காலத்தில் எழுந்த விடுதிப் பள்ளிகளில் ஆய்வகம், மைதானம், நூலகம், பஸ், வருஷக் கணக்கில் பாடம் எடுத்துப் பழகிய ஆசிரியர்கள் எல்லாம் இந்த ஊருக்குள்ளேயே இருக்கின்றன. சனிக்கிழமை மதியம் அந்த ஆய்வகம் பக்கத்துக் கிராமத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்தால் பள்ளிக்குச் செலவு கொஞ்சம். கிராமத்துப் பிள்ளைக்கு, பாடப் புத்தகத்தில் படமாக மட்டும் பார்த்த நுண்ணோக்கியில் கண் வைக்கும் வாய்ப்பு. கிருஷ்ணகிரி ஐடிஐயின் பயிற்சிக்கூடத்தையும் ஓசூர் ஆலையின் பயிற்சியாளரையும் மாதம் ஒரு முறை இங்கே இணைக்க முடியும். லேத்துப் பட்டறை அண்ணன்களும் இன்னும் இருக்கிறார்கள். கற்க வரும் பையன் இல்லை என்று சொல்லிக்கொண்டே பட்டறையை மூடுகிறார்கள். அவர்களில் ஒருவரை வானவில் மன்றத்துக்கு அழைத்துப் பாருங்கள்.

இதையெல்லாம் யார் தொடங்குவது என்றால், அந்தப் பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்திருக்கும் ஆள். அது முன்னாள் தன்னார்வலராக இருக்கலாம், ஊர்ப்புற நூலகராக இருக்கலாம், மகளிர் குழுக் கூட்டமைப்பின் கணக்காளராக இருக்கலாம். ஊராட்சி அவருக்கு ஒரு மேஜையும் மாதச் சம்பளமும் தரட்டும். அருகிலுள்ள ஆலைகளின் 2 விழுக்காட்டிலிருந்து அந்தச் சம்பளத்தைக் கேட்டு வாங்கட்டும். ரேங்க் பட்டியல் ஒட்டிய காலத்தில் முதல் மூன்று பேரை மட்டும் எண்ணினோம். இனி அவர் மேஜையில் இருக்கும் பட்டியலில், கடைசிப் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்து ஊத்தங்கரையை அளக்கலாம்.